அழாத குழந்தை

நம் வீடுகளில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பட்டங்களில் ஒன்று ‘சமர்த்து’ என்பது. பிறந்து ஐந்தாறு மாதமே ஆன சிசுவுக்குக் கூட இந்தப் பட்டம் தாராளமாக வழங்கப்படுகிறது. அதற்கு அந்தச் சிசு செய்ய வேண்டியது என்ன? ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். அழக்கூடாது, தூக்கச் சொல்லிக் கையை நீட்டக்கூடாது, பிறர் கைக்கு மாற்றினால் சிணுங்கக்கூடாது, தொட்டிலில் விட்டால் விட்ட இடத்தில் கிடக்க வேண்டும். “வீட்டில் குழந்தை இருக்கிறதே தெரியவில்லை, அவ்வளவு சமர்த்து!” என்று பாட்டிமார்கள் அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்துப் போவார்கள்.

பெரும்பாலான குழந்தைகள் விஷயத்தில் இந்தப் பூரிப்பு நியாயமானதுதான். வயிறு நிறைந்து, தூக்கம் கலையாமல், சுபாவத்திலேயே சாதுவாக இருக்கும் குழந்தைகள் எத்தனையோ உண்டு. ஆனால் இப்படி இருப்பதே தெரியாத குழந்தைகளில் சில, உண்மையில் நோயுற்ற குழந்தைகள். காய்ச்சல் இல்லை, மாந்தம் இல்லை. வியாதி மனத்தில் இருக்கிறது. பல் முளைக்காத குழந்தைக்கு மனம் ஏது, அதில் வியாதி ஏது என்று நேயர்கள் கேட்கலாம். வைத்திய உலகமே வெகுகாலம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு விடை கிடைத்த வரலாறு மனத்தை உருக்குவது. ஆனாலும் குழந்தை உள்ள வீட்டார் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டியது.

வியன்னாவில் பிறந்து பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறிய ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மனோதத்துவ நிபுணர், 1945-ம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். அவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். ஒன்று, பெண்கள் சிறைச்சாலையைச் சேர்ந்த குழந்தைகள் விடுதி. அங்கே தண்டனை அடைந்த இளம் தாய்மார்களே தங்கள் குழந்தைகளைக் குளிப்பாட்டி, பாலூட்டி, கொஞ்சி வளர்த்தார்கள். மற்றொன்று ஓர் அநாதைக் குழந்தைகள் இல்லம். வெகு சுத்தமான இடம். நல்ல ஆகாரம், வைத்தியர் மேற்பார்வை, எதிலும் குறைவில்லை. ஆனால் எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தாதி என்ற கணக்கு. தொட்டிலின் பக்கங்களில் வெள்ளைத் துணி தொங்கவிடப்பட்டிருந்ததால், படுத்திருக்கும் குழந்தையின் கண்ணுக்குத் தென்பட்டது மேல்கூரை ஒன்றே.

சிறைச்சாலைக் குழந்தைகள் ஓடி விளையாடின. அவற்றில் ஒன்றும் இறக்கவில்லை. சுத்தமான இல்லத்தில் இருந்த 91 குழந்தைகளில் 34 குழந்தைகள் இரண்டு வருஷத்துக்குள் இறந்து போயின. எஞ்சியவற்றில் பல, நடக்கவும் பேசவும் தெரியாமல், எதையும் பாராத கண்களோடு கிடந்தன.

அந்தச் சிறைச்சாலை விடுதியிலும் சில குழந்தைகள், ஆறு மாதம் கடந்த பிறகு, தவிர்க்க முடியாத காரணங்களால் தாயைப் பிரிய நேர்ந்தது. அவற்றில் பலவற்றை ஸ்பிட்ஸ் நாள்தோறும் கவனித்தார். முதலில் ஓயாத அழுகை. பிறகு அழுகை குறைந்தது, எடை குறைந்தது, யாராவது அருகே வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டன. கடைசியில் அழுகையே நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்குள் தாய் திரும்பி வந்தால் குழந்தை சீக்கிரம் தேறிற்று. ஐந்து மாதம் கடந்துவிட்டாலோ, தேறுவது அரிதாயிற்று. துயரத்துக்கும் ஒரு தவணை உண்டு என்பது அப்போதுதான் தெரிய வந்தது. ஸ்பிட்ஸ் இவற்றைச் சலனப் படமாகவும் எடுத்து 1947-ல் வைத்தியர்களுக்குக் காட்டினார்.

இதே உண்மையை இங்கிலாந்தில் வேறு விதமாகக் கண்டவர் ஜேம்ஸ் ராபர்ட்ஸன். அவர் வைத்தியர் அல்ல. யுத்த காலத்தில் அன்னா ப்ராய்டு அம்மையார் லண்டனில் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தவர்! அந்த இல்லத்தில் சமையற்காரர் முதல் எல்லாரும் குழந்தைகளைப் பற்றிக் குறிப்பு எழுதியாக வேண்டும் என்பது அம்மையாரின் கட்டளை. அப்படி எழுதி எழுதிக் கூர்மையடைந்த கண் ராபர்ட்ஸனுடையது. அந்தக் காலத்து ஆங்கில ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் குழந்தையோடு தங்க அனுமதி கிடையாது; சில இடங்களில் வாரத்துக்கு ஒரு முறைதான் பார்க்கலாம். அம்மா போனதும் குழந்தை அழும், இரண்டொரு நாளில் ‘படிந்துவிடும்’ என்று தாதிகள் சொல்வார்கள். இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி, சாதாரண அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததை ராபர்ட்ஸன் படம் பிடித்தார். வேண்டிய கட்டத்தை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்ற சொல் வராதபடி, தினமும் குறித்த நேரத்தில் காமிராவைத் திருப்பினார். அந்தச் சிறுமி கூச்சல் போடவே இல்லை. உதட்டைக் கடித்து அழுகையை அடக்கிக்கொள்கிறாள். நாள் செல்லச் செல்ல, அம்மா வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

1952-ல் லண்டனில் வைத்திய சங்கத்தார் முன்னிலையில் இந்தப் படம் காட்டப்பட்டபோது, பலர் கோபித்துக்கொண்டார்கள். தங்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் அபாண்டம் சுமத்துவதாக நினைத்தார்கள். ஆனால் பார்த்ததைப் பாராததாக ஆக்க முடியுமா? தம்முடைய வார்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்த சிலருக்கு, ‘படிந்துவிட்ட’ குழந்தைகளின் முகம் வேறு விதமாகத் தெரிந்தது. 1959-ல் பிளாட் கமிட்டி, பெற்றோர் தாராளமாக வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும், சிறு குழந்தைகளோடு தாயும் தங்க இடம் தர வேண்டும் என்று சிபார்சு செய்தது. இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு உபதேசம் தேவையில்லை என்று நினைக்கிறோம். இங்கே குழந்தை வார்டில் அம்மா, பாட்டி, அத்தை, கூஜா, தூக்குப்பாத்திரம் சகிதம் குடும்பமே குடியேறிவிடும்!

ஸ்பிட்ஸின் ஆராய்ச்சி முறையில் பிற்காலத்து விஞ்ஞானிகள் பல குறைகளைக் காட்டினார்கள். இல்லத்துக்கு வந்த குழந்தைகள் ஆரம்பத்திலேயே நலிந்தவையாக இருந்திருக்கலாம் அல்லவா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு ஐயம் திரிபறப் பதில் கிடைப்பதற்கு அரை நூற்றாண்டும், ஒரு சர்வாதிகாரியின் மூடத்தனமும் தேவையாயின.

ருமேனியா தேசத்தை ஆண்ட சௌஷெஸ்கு, ஜனத்தொகை பெருகினால் தேசம் பலம் பெறும் என்று எண்ணி, 1966-ல் கருச்சிதைவைத் தடை செய்தார். கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமற் போயின. பிறந்த பிள்ளைகளுக்குச் சோறு போட வழியில்லாத பெற்றோர்கள், சர்க்கார் வளர்க்கட்டும் என்று அநாதாலயங்களில் விட்டார்கள். 1989 டிசம்பரில் அவருடைய ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த விடுதிகளில் இருந்தார்கள். வெளிதேசத்திலிருந்து உள்ளே சென்று பார்த்தவர்களைத் திடுக்கிட வைத்தது அழுக்கும் துர்நாற்றமும் மட்டுமல்ல, நிசப்தம். வரிசை வரிசையாகத் தொட்டில்கள், தொட்டில் தோறும் குழந்தைகள், அழுகுரல் இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்று கற்றுக்கொண்ட குழந்தை எதற்காக அழும்?

2000-ம் வருஷத்தில் சார்லஸ் நெல்ஸன், நேதன் பாக்ஸ், சார்லஸ் ஸீனா என்னும் மூன்று அமெரிக்க நிபுணர்கள், ருமேனியர்களின் சம்மதத்தோடும் உதவியோடும் புக்காரெஸ்ட் நகரில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். விடுதிகளில் இருந்த, ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரையுள்ள 136 குழந்தைகளைப் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். திருவுளச் சீட்டுப் போல, யார் எந்தப் பிரிவு என்பதை அதிர்ஷ்டத்துக்கே விட்டு, 68 குழந்தைகளை வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். மற்ற 68 பேர் வழக்கம்போல் இருந்தார்கள். பெற்றோரிடம் வளரும் 72 உள்ளூர்க் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்துக்கொண்டார்கள்.

இதைப் படிக்கும்போதே நேயர்கள் மனம் துணுக்குறும். நன்மை இன்னதென்று தெரிந்தும் பாதிக் குழந்தைகளை விடுதியில் விட்டுவைப்பது தருமமா? இந்தக் கேள்வி வெகுவாக விவாதிக்கப்பட்டது. அந்நகரில் அப்போது வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே அநேகமாக இல்லை. ஆராய்ச்சி நடக்காவிட்டால் 136 பேரும் விடுதியிலேயே இருந்திருப்பார்கள் என்பது அவர்கள் சொன்ன சமாதானம். விடுதிக் குழந்தையைப் பெற்றோரோ வேறு குடும்பமோ அழைத்துக்கொள்ள வந்தால் தடுப்பதில்லை என்பதும் நிபந்தனை. அப்படிப் பல குழந்தைகள் வெளியேறவும் செய்தன. சமாதானம் முற்றும் திருப்தியளிக்கிறது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த ஆராய்ச்சியினால் தெரிந்ததை வேறு எந்த வழியிலும் அவ்வளவு உறுதியாகத் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

நாலரை வயதில் அறிவுத் திறனை அளந்தார்கள். விடுதிப் பிரிவின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பப் பிரிவு 81. பெற்றோரிடம் வளர்ந்தவர்கள் 109. மூன்றரை வயதில், தம்மை வளர்ப்பவரிடம் திடமான பற்றுதல் கொண்டவர்கள் விடுதிப் பிரிவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வளர்ப்புக் குடும்பங்களில் ஏறக்குறையச் சரிபாதி. மனச்சோர்வும் பயமும் வளர்ப்புக் குடும்பங்களில் பாதியளவாகக் குறைந்தன. ஆனால் ஓரிடத்தில் நில்லாத பரபரப்பு, கவனம் சிதறுதல் ஆகிய தொல்லைகள் குறையவில்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று, வயது. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்கு வந்த குழந்தைகள் மிக நன்றாகத் தேறினார்கள். எட்டு வயதில் அவர்களுடைய மூளையின் மின் அலைகள், பெற்றோரிடம் வளர்ந்த குழந்தைகளுடையவற்றை ஒத்திருந்தன. இரண்டு வயதுக்குப் பின் வந்தவர்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. அந்த விடுதிகளில் எல்லாக் குழந்தைகளும் ஒடுங்கிக் கிடக்கவில்லை. சில குழந்தைகள், முன்பின் அறியாத மனிதர் உள்ளே நுழைந்தவுடனே ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டன; தூக்கச் சொல்லிக் கை நீட்டின. “ஆகா, என்ன பிரியமான குழந்தை!” என்று வந்தவர்கள் கண் கலங்கினார்கள். அதுவும் நோய்தான். தன்னுடையவர் இன்னார், அயலார் இன்னார் என்று அறியும் வாய்ப்பே அந்தக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. குடும்பங்களுக்குப் போன பின், ஒடுங்கிக் கிடந்த குழந்தைகள் பெரும்பாலும் மீண்டன. இந்த அயலாரைக் கட்டிக்கொள்ளும் குணம் அவ்வளவு சுலபமாக மாறவில்லை. எட்டு மாதக் குழந்தை புது முகத்தைக் கண்டு வீரிட்டு அழுதால், வந்த விருந்தாளி வருத்தப்படலாம். தாய் வருத்தப்பட வேண்டியதில்லை.

ருமேனிய சர்க்கார் பின்னர் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை விடுதியில் சேர்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது. கடுமையான ஊனமுள்ள குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு.

நம் நாட்டில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம், எத்தனையோ பெண் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறைவாக மதிப்பவர் எவரும் இருக்க முடியாது. ஆனால் தொட்டிலில் வந்து சேர்ந்த குழந்தை, தத்து எடுப்பவர் மடிக்குப் போய்ச் சேரும் வரை எத்தனை மாதம் காத்திருக்கிறது, அந்த மாதங்களில் அதற்கென்று ஒரே ஒரு பணிப்பெண்ணாவது உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. காகிதங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கலாம். குழந்தை காத்திருக்க முடியாது.

இது அநாதாலயத்துச் சங்கதி, நம் வீட்டுக் குழந்தைக்கு என்ன வந்தது என்று எண்ண வேண்டாம். தாய் தகப்பன் சூழ வளரும் குழந்தையும் மௌனமாகலாம். காரணங்கள் பல. காது கேளாமை ஒன்று. பிறவியிலேயே மூளையின் அமைப்பு வேறுபட்டிருக்கும் ஆட்டிஸம் ஒன்று. தாயின் மனச்சோர்வு மற்றொன்று. இவற்றை ஒன்றோடொன்று குழப்பியதால் விளைந்த தீமை கொஞ்சமல்ல. சென்ற நூற்றாண்டின் நடுவில் மேல்நாட்டு நிபுணர்கள் சிலர், ஆட்டிஸத்துக்குக் காரணம் தாயின் அன்பின்மை என்று சாதித்து, ஆயிரக்கணக்கான தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். அது முழுப் பிசகு என்று இன்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆகவேதான், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டிய சோதனை காதுக்கு.

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகக் கவனிப்பது நமக்குப் புதிதல்ல. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி, ஓராண்டை ஒட்டி வருகை என்று பாடி வைத்தார்களே, அதைவிட அழகான வளர்ச்சி அட்டவணை எது? திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தார் தயாரித்து 1991-ல் வெளியிட்ட அட்டவணை இவ்வளவு காவிய நயம் உடையதல்ல. ஆனால் அங்கன்வாடிப் பணியாளர் எவரும் சில நிமிஷங்களில் பயன்படுத்தலாம். முகம் பார்த்துச் சிரிப்பது முதலாக, இரண்டு வயது வரை 17 செயல்கள் கோடுகளாக வரையப்பட்டிருக்கின்றன. குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்ஸிலை நிறுத்திப் பிடிக்க வேண்டும். பென்ஸிலுக்கு இடப்புறம் முடிந்துவிட்ட செயல் ஒன்றைக் குழந்தை இன்னும் செய்யவில்லையானால், வைத்தியரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்றேகால் வயதுக்கு மேல் இரண்டரை வயது வரை ஆட்டிஸத்தின் அறிகுறிகளைத் தேட, 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் பல தேசங்களில் வழங்குகிறது. அதன் சாரமான கேள்விகளை நேயர்களே கேட்டுப் பார்க்கலாம். தனக்கு வேண்டியதைக் குழந்தை விரலால் சுட்டுகிறதா? வேண்டும் என்பதற்காக அன்றி, ‘இதோ பார்’ என்று காட்டுவதற்காகச் சுட்டுகிறதா? நாம் ஒன்றைச் சுட்டினால் அந்தத் திசையில் பார்க்கிறதா? நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும் தாய், தன்னை அறியாமலே தினந்தோறும் இந்தப் பரீட்சையை நடத்துகிறாள். நிலாவைப் பார்த்துவிட்டு, நீயும் பார்த்தாயா என்று அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் குழந்தை தேறிவிட்டது. விரலின் நுனியை மட்டும் பார்க்கும் குழந்தையைப் பற்றி, இரண்டாம் முறை யோசிக்க வேண்டும்.

யோசிக்க வேண்டும் என்கிறோமே தவிர, முடிவு கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. இவை சல்லடை போன்றவை. சல்லடையில் நின்றதெல்லாம் கல் அல்ல. வியாதி இன்னதென்று தீர்மானிக்க வேண்டியவர் தேர்ந்த வைத்தியர். அதிலும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெரியவர்களுக்கான அளவுகோலால் அளக்க முடியாது என்பதால், அமெரிக்காவில் 1994-ல் சிசுக்களுக்கென்றே தனியாக ஒரு நோய்ப் பாகுபாடு ஏற்பட்டது. 2016-ல் அது ஐந்து வயது வரை விரிந்தது. அதில் ஒரு விசேஷம்: குழந்தையின் நோயோடு, குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உள்ள உறவின் நிலையையும் தனியாகக் குறிக்க வேண்டும்.

இந்திய சர்க்காரின் தேசியக் குழந்தைகள் நலத்திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன்படி வைத்தியக் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளைப் பரிசோதித்து, குறை தென்பட்டால் மாவட்டத்து ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். பேச்சு, கேள்வி, நடை எல்லாவற்றுக்கும் அங்கே இலவசமாகப் பயிற்சி உண்டு. நம் அபிப்பிராயத்தில் இந்தத் திட்டத்தின் குறை ஒன்றே: குழந்தை நிற்கிறதா, நடக்கிறதா என்று கேட்பவர்கள், குழந்தையைத் தூக்கி வந்த தாய் எப்படி இருக்கிறாள் என்று போதிய அளவு கேட்பதில்லை.

கேட்பதற்கும் வழி இருக்கிறது. 1987-ல் எடின்பரோ நகரத்தின் பெயரால் வெளிவந்த பத்துக் கேள்விகள், பிரசவமான தாயின் மனச்சோர்வை அறிய உதவுகின்றன. தமிழிலும் அவை உண்டு. 2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கோவாவில் பிரசவித்த பெண்களில் 23 சதவீதம் பேருக்கு இந்தச் சோர்வு இருந்தது. காரணங்களாக அங்கே கண்டவை வறுமை, கணவனின் வன்முறை, பிறந்தது பெண்ணாகப் போனது. கடைசிக் காரணத்தைப் படிக்கும்போது தலை குனிய வேண்டியவர்கள் தாய்மார்கள் அல்ல.

1970-களில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் செல்மா ப்ரைபர்க் என்னும் அம்மையார், வீடுகளுக்கே சென்று இத்தகைய தாய்மார்களுக்குச் சிகிச்சை செய்தார். 1975-ல் அவரும் அவர் சகாக்களும் எழுதிய கட்டுரையில் ஓர் இளம் தாயைப் பற்றி வருகிறது. ஐந்தரை மாதக் குழந்தை வீரிட்டு அழுகிறது. தாயோ காதில் விழாதவள் போல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கல் நெஞ்சக்காரி என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. இவள் சிறுமியாக இருந்தபோது அழுததை யாராவது கேட்டார்களா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். மெள்ள மெள்ள அவள் தன்னுடைய பால்ய காலத்துத் துயரங்களைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். அப்படி அழத் தொடங்கிய பிறகு, தன் குழந்தை அழும்போது தானாகவே வாரி எடுத்து அணைத்துக்கொண்டாள்.

இவ்வளவு தேர்ந்த வைத்தியர்களுக்கு நாம் எங்கே போவது என்ற கேள்விக்கு, நம் அண்டை தேசத்திலிருந்து விடை வந்தது. பாகிஸ்தானில் ராவல்பிண்டி ஜில்லாவின் கிராமங்களில், டாக்டர் ஆதிப் ரஹ்மானும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய பரீட்சை 2008-ல் வெளியாயிற்று. அங்கே வீடு வீடாகப் போகும் சர்க்கார் சுகாதாரப் பெண்கள், மனோதத்துவம் படித்தவர்கள் அல்லர். உயர்நிலைப் பள்ளிப் படிப்புள்ள கிராமத்துப் பெண்கள். அவர்களுக்குச் சுருக்கமான பயிற்சி அளித்து, சோர்வுற்ற கர்ப்பிணிகளிடம் பிரசவத்துக்கு முன் தொடங்கிப் பதினாறு தடவை பேசச் செய்தார்கள். குழந்தையின் நலத்தை முன்னிட்டே பேச்சு. ஆகையால் மாமியார்களும் ஆட்சேபிக்கவில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்தப் பேச்சைப் பெற்ற தாய்மார்களில் 23 சதவீதம் பேரும், வெறுமனே போய் விசாரித்துவிட்டு வந்த வீடுகளில் 53 சதவீதம் பேரும் மனச்சோர்வில் இருந்தார்கள். பேச்சைப் பெற்ற வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது. தடுப்பூசிகள் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன. தாய் மட்டுமன்றி, தகப்பனாரும் குழந்தையோடு அடிக்கடி விளையாடினாராம்.